தவறான விடைக்குப் பிறகு என்ன நடக்கிறது?

உறவினர் வீட்டு விசேஷங்களில் என்னைப் பார்த்ததும் பலர் கேட்பது, "பையனுக்கு ஏதாவது நல்ல கணக்கு கேம் இருந்தா சொல்லுப்பா" என்பதுதான். கணினி வேலையில் இருப்பவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் எண்ணம். என் மகள் நான்காம் வகுப்பிலும் தம்பி மகன் இரண்டாம் வகுப்பிலும் படிக்கிறார்கள் என்பதால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இணையத்தில் கிடைக்கும் கணக்கு விளையாட்டுகளையும் புதிர்களையும் அவர்களோடு உட்கார்ந்து பார்த்துவருகிறேன். நூற்றுக்கணக்கில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வண்ணத்திலும் இசையிலும் மட்டுமே ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. தரம் பிரிக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை தவறாக விடை சொன்னால் அடுத்த நொடி அந்த விளையாட்டு என்ன செய்கிறது?

வழக்கமாக நடப்பது இது. திரையில் ஓர் அரக்கனோ பந்தயக் காரோ இருக்கும்; மேலே 7 × 8 என்று வரும்; கீழே 54, 56, 63, 48 என்று நான்கு விடைகள் நிற்கும். சரியானதைத் தொட்டால் அரக்கன்மேல் நெருப்பு பாயும், கார் முந்திச் செல்லும். தவறானதைத் தொட்டால் கரகரவென்று ஓர் ஒலி கேட்கும், ஓர் உயிர் குறையும், அடுத்த கேள்வி வந்துவிடும். ஏழெட்டு ஏன் 54 ஆகாது என்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதால் பிள்ளைக்கும் அதைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை. இத்தகைய விளையாட்டில் ஒரு சிறுவன் மிக விரைவாகக் கற்றுக்கொள்வது, எதையாவது தொட்டுவைத்தால் நான்கில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதையும், தவறினாலும் பெரிய நட்டம் இல்லை என்பதையும்தான். நிகழ்தகவுக்கு அது நல்ல பாடம், வாய்ப்பாட்டுக்கு அல்ல.

மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுக்கும் நம் வீட்டு வழக்கம்தான் இந்த விளையாட்டுகளின் அடிப்படை. பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் நாக்கால் ஒதுக்கித் துப்பும் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. இதை எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். அந்தக் கணக்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பொது அறிவுக் கேள்வியை வைத்தாலும் விளையாட்டு அப்படியே ஓடும் என்றால், அங்கே கணக்குக்கும் விளையாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கணக்கே விளையாட்டாக இருப்பது எப்படி என்று காட்ட நான் எடுப்பது, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1996இல் தொடங்கிய என்ரிச் என்ற திட்டத்தின் தளத்தைத்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கான கணக்குப் புதிர்களும் விளையாட்டுகளும் அதில் ஏராளமாக உள்ளன. கட்டணம் இல்லை, பெயர் பதிய வேண்டியதில்லை. பார்ப்பதற்குச் சற்று வறண்ட தளம். அரக்கர்கள் கிடையாது. முதல் பார்வையில் என் மகள் முகத்தைச் சுளித்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதில் 'காட் இட்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. விதியை இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிடலாம். பூச்சியத்தில் தொடங்கி, இருவரும் மாறி மாறி 1 முதல் 4 வரையுள்ள ஏதாவது ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். யார் கூட்டும்போது மொத்தம் சரியாக 23 ஆகிறதோ அவர் வென்றவர். கணினியோடும் ஆடலாம், இரண்டு பேர் எதிரெதிராகவும் ஆடலாம். கூட்டல் என்று பார்த்தால் முதல் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இதில் கடினம் எதுவும் இல்லை. முதலில் எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஆடுவார்கள். 15 வரை எதையாவது கூட்டிவிட்டு, அதற்குமேல்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படிச் சில ஆட்டங்கள் தோற்ற பிறகு என் மகள் சொன்னாள்: "அப்பா, பதினெட்டுக்கு யார் வர்றாங்களோ அவங்க ஜெயிச்சாச்சு. நீங்க என்ன போட்டாலும் நான் இருபத்துமூணு ஆக்கிடுவேன்."

அவள் சொன்னது சரிதான். 18இல் நிற்பவரின் எதிராளி 1 கூட்டினால் இவர் 4 கூட்டுவார், 2 கூட்டினால் 3, 3 கூட்டினால் 2, 4 கூட்டினால் 1. எதிராளி போட்டதையும் சேர்த்து ஐந்தாக்கிவிட்டால் போதும். இங்கே பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம். அடுத்த படியைச் சொல்லிவிட நாக்கு துடிக்கும். சொல்லாமல் விட்டால், 18ஐப் பிடிக்க வேண்டுமென்றால் 13இல் நிற்க வேண்டும், 13க்கு 8, 8க்கு 3 என்று பிள்ளையே இறங்கி வந்துவிடும். முதலில் ஆடுபவர் 3 போட்டுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. மீதி நடப்பதெல்லாம் சடங்கு.

அந்தத் தளம் இதோடு விடுவதில்லை. இலக்கையும் கூட்டக்கூடிய எண்களையும் நாமே மாற்றிக்கொள்ள முடியும். இலக்கை 25 என்று மாற்றியதும் முதலில் ஆடுபவர் 3 போட்டு வென்ற கதை செல்லாமல் போகிறது. 20, 15, 10, 5 என்று பின்னோக்கி வந்தால் பூச்சியத்திலேயே வந்து நிற்கும், ஆகவே இரண்டாவதாக ஆடுபவருக்கே வெற்றி. இலக்கை 23ஆகவே வைத்து, 1 முதல் 6 வரை கூட்டலாம் என்று மாற்றினால் ஐந்துக்குப் பதில் ஏழு வந்து உட்காருகிறது: 23, 16, 9, 2. பள்ளியில் "23ஐ 5ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 3" என்று எழுதிவிட்டு, அந்த மீதியால் யாருக்கு என்ன பயன் என்று தெரியாமல் நகர்ந்த பிள்ளைக்கு, முதலில் எந்த எண்ணைப் போட வேண்டும் என்று சொல்வதே அந்த மீதிதான் என்று தெரியவரும்போது, வகுத்தல் கணக்குக்கு முதன்முறையாக ஒரு வேலை கிடைக்கிறது.

என் கேள்வியை இதில் வைத்துப் பார்ப்போம். பிள்ளை 12இல் இருந்து 4 கூட்டி 16க்குப் போனால், அது தவறான ஆட்டம் என்று எந்த ஒலியும் எழுவதில்லை. எதிராளி 2 கூட்டி 18இல் அமர்கிறார், பிள்ளை தோற்கிறது, எங்கே தவறினோம் என்று அதுவே திரும்பிப் பார்க்கிறது. தவறைச் சுட்டிக்காட்டும் வேலையை ஆட்டமே செய்கிறது, அதுவும் பிள்ளையை முட்டாளாக்காமல் செய்கிறது.

அதே தளத்தில் உள்ள காரணி, மடங்கு விளையாட்டு இதைவிடச் சற்று முதிர்ந்த பிள்ளைகளுக்கானது. 1 முதல் 100 வரை எழுதிய கட்டம் ஒன்று இருக்கும். ஒருவர் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தால், அடுத்தவர் அந்த எண்ணின் காரணி ஒன்றையோ மடங்கு ஒன்றையோ தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருமுறை எடுத்ததை மறுபடி எடுக்கக் கூடாது. எடுக்க எண் இல்லாமல் மாட்டிக்கொள்பவர் தோற்றவர். 36 என்றால் 12 என்பார்கள், 12 என்றால் 60, 60 என்றால் 15, 15 என்றால் 75 என்று போகும். ஆனால் தொடக்க எண்ணுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு: அது 50க்குக் குறைந்த இரட்டை எண்ணாக இருக்க வேண்டும். ஏன் இந்தக் கெடுபிடி என்று என் மகள் கேட்டாள். சரி, நிபந்தனை இல்லாமலே ஆடுவோம் என்று சொல்லி, நான் 97 என்று தொடங்கினேன். 97 பகா எண். அதன் அடுத்த மடங்கு நூறைத் தாண்டிவிடும். ஆகவே அவளுக்கு இருந்த ஒரே வழி 1. அவள் 1ஐ எடுத்ததும் நான் 89 என்றேன். 89க்கும் 1ஐ விட்டால் போக்கிடம் இல்லை, 1ஐ ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. மூன்றே நகர்வில் ஆட்டம் முடிந்துவிட்டது.

அடுத்த ஆட்டத்திலிருந்து யாரும் சொல்லாமலே இருவரும் 1ஐத் தொடப் பயந்தோம். 1ஐ எடுப்பவரை எதிராளி 50க்கு மேற்பட்ட பகா எண் ஒன்றுக்கு அனுப்பிவிடுவார். 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97 என்று அந்த வரிசையில் இருக்கும் பத்து எண்களையும் அவள் பாடப் புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்யவில்லை. அவை ஒவ்வொன்றும் ஆபத்தான குழி என்பதால் நினைவில் நின்றுவிட்டன. 91ஐப் பகா எண் என்று நினைத்து என்மேல் ஏவிவிட்டு, நான் 13ஐ எடுத்தபோது அவள் அடைந்த ஏமாற்றத்தைப் பார்க்க வேண்டும். ஏழு பதின்மூன்று தொண்ணூற்றொன்று என்பதை அவள் இனி மறக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

இதெல்லாம் நான்காம் வகுப்புச் சங்கதி. தம்பி மகன் வயதுக்கு வேறு மாதிரி வேண்டும். அந்த வயதில் எதிராளியைவிடக் கையால் நகர்த்திப் பார்க்கும் பொருள்தான் முக்கியம். நெதர்லாந்தின் ஃபிராய்டென்தால் நிறுவனத்தைச் சேர்ந்த ஆட்ரியன் டிரெஃபர்ஸ் வடிவமைத்த ஒரு மணிச்சட்டம் உண்டு. இரண்டு கம்பிகள், ஒவ்வொன்றிலும் பத்து மணிகள். அவற்றில் ஐந்து சிவப்பு, ஐந்து வெள்ளை. அமெரிக்காவின் 'மேத் லேர்னிங் சென்டர்' என்ற அமைப்பு இதை 'நம்பர் ராக்' என்ற பெயரில் இலவசச் செயலியாக வைத்திருக்கிறது. விளையாட்டு என்று சொல்ல இதில் எதுவும் இல்லை; மதிப்பெண் இல்லை, கைதட்டல் இல்லை. மேல் கம்பியில் எட்டும் கீழ்க் கம்பியில் ஏழும் தள்ளச் சொன்னால், மேலே ஐந்து சிவப்பும் மூன்று வெள்ளையும், கீழே ஐந்து சிவப்பும் இரண்டு வெள்ளையும் வந்து நிற்கும். பையன் முதலில் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினான். பிறகு ஒரு சமயத்தில், இரண்டு சிவப்பு ஐந்துகளைச் சேர்த்துப் பத்து என்றும், மீதி வெள்ளையை மூன்றும் இரண்டும் ஐந்து என்றும் ஒரே பார்வையில் எடுத்து, "பதினஞ்சு, பெரியப்பா" என்றான். விரல் விட்டு எண்ணுவதிலிருந்து ஐந்தாகவும் பத்தாகவும் பார்ப்பதற்கு மாறும் அந்தத் தாவல்தான் முதல் இரண்டு வகுப்புகளின் கணக்கில் ஆகப் பெரிய விஷயம் என்பது என் எண்ணம். அதை எந்த அரக்கனைச் சுட்டும் வாங்க முடியாது. உண்மையான மணிச்சட்டம் கையில் இருந்தால் அதுவே மேல். இல்லாத வீட்டுக்குத் திரை உதவும்.

பின்னத்துக்கு வரும்போது திரையின் உதவி இன்னும் கூடுகிறது, ஏனென்றால் சப்பாத்தியை ஆறு சம துண்டாக வெட்ட எந்த அம்மாவுக்கும் பொறுமை கிடையாது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, திரையில் இயக்கிப் பார்க்கும் மாதிரிகளைத் தரும் ஃபெட் திட்டத்தை, மேல்வகுப்பு அறிவியலுக்கானது என்று நினைத்துப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தொடக்கப் பள்ளிக் கணக்குக்கும் அதில் நல்ல சரக்கு உள்ளது. 'பில்ட் எ ஃபிராக்‌ஷன்' என்பதில், கேட்கப்பட்ட பின்னத்தைக் கைவசம் உள்ள துண்டுகளைக் கொண்டு அமைக்க வேண்டும். அரை வேண்டும், ஆனால் அரைத் துண்டு கைவசம் இல்லை, மூன்றில் ஒரு துண்டும் ஆறில் ஒரு துண்டும்தான் இருக்கின்றன என்ற நிலை வந்தால், பிள்ளை அவற்றை ஒட்டவைத்துப் பார்க்கும். சரியாக அரை வட்டத்தை நிரப்பினால் நிரப்பியதுதான், இடைவெளி விழுந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். 'ஏரியா பில்டர்' என்ற இன்னொன்றில் சதுரங்களை அடுக்கி, கேட்ட பரப்பளவும் கேட்ட சுற்றளவும் ஒருங்கே வரும்படி உருவம் அமைக்க வேண்டும். பன்னிரண்டு சதுரங்களை ஒரே வரிசையாக நீட்டினால் சுற்றளவு 26, நான்குக்கு மூன்றாக அடுக்கினால் 14. பரப்பு மாறாமலே சுற்றளவு மட்டும் ஏறி இறங்குவதைப் பார்த்த பிள்ளைக்கு இரண்டையும் குழப்பிக்கொள்ளும் வழக்கமான நோய் பெருமளவு குணமாகிவிடும்.

புதிர்களில் எல்லோருக்கும் தெரிந்தது சுடோகு. 1979இல் ஹவர்ட் கார்ன்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் உருவாக்கியது அமெரிக்கப் புதிர் இதழ் ஒன்றில் வந்து, 1984இல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனத்தின் கைக்குப் போய், அந்தப் பெயரைப் பெற்று உலகம் சுற்றியது. நல்ல புதிர்தான், சந்தேகம் இல்லை; ஆனால் அதில் கணக்கு இருக்கிறது என்பது ஒரு தோற்றம். எண்களுக்குப் பதில் ஒன்பது பழங்களின் படத்தை வைத்தாலும் சுடோகு சுடோகுவாகவே இருக்கும். தர்க்கப் பயிற்சி போதும் என்றால் அதையே கொடுக்கலாம். கணக்கும் சேர வேண்டும் என்றால் கென்கென்தான் என் தேர்வு. டெட்சுயா மியாமோட்டோ என்ற ஜப்பானியக் கணக்கு ஆசிரியர் தம் மாணவர்களுக்காக 2004இல் அமைத்தது இது. நான்குக்கு நான்கு கட்டத்தில் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நெடுவரிசையிலும் 1 முதல் 4 வரையுள்ள எண்கள் ஒருமுறை மட்டும் வர வேண்டும். அதோடு, தடித்த கோட்டால் சூழப்பட்ட கட்டங்களில் உள்ள எண்கள் மூலையில் எழுதியிருக்கும் கணக்கைத் தர வேண்டும்.

முதல் வரிசையின் முதல் இரண்டு கட்டங்களைச் சூழ்ந்து '3−' என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 முதல் 4க்குள் வித்தியாசம் 3 வரும் இணை 4, 1 மட்டும்தான். எது முன்னே எது பின்னே என்று தெரியாது, ஆனால் அந்த வரிசையின் மற்ற இரண்டு கட்டங்களும் 2, 3 என்பது இப்போதே தெரிந்துவிட்டது. மூன்றாவது கட்டமும் அதற்குக் கீழே உள்ள கட்டமும் சேர்ந்து '12×' என்றால், 12ஐத் தரும் இணை 3, 4 மட்டுமே. ஆகவே மூன்றாவது கட்டம் 3, அதன் கீழ் 4, வரிசையின் கடைசிக் கட்டம் 2. அவசரப்பட்டு மூன்றாவது கட்டத்தில் 2 போட்ட பிள்ளைக்குக் கீழே 6 தேவைப்படும். கட்டத்தில் 6 என்ற எண்ணே கிடையாது. தவறு அதற்கு மேல் நகர விடாது. இணையத்தில் மூன்றுக்கு மூன்று கட்டத்திலிருந்து ஒன்பதுக்கு ஒன்பது வரை தினமும் புதியதாகக் கிடைக்கிறது. கூட்டல் மட்டும் போதும் என்று தேர்ந்தெடுக்கவும் வழி உண்டு. அழித்துத் திருத்தி எழுதும் வசதிக்காக நாங்கள் பெரும்பாலும் அச்சிட்டுத்தான் போடுகிறோம்.

நேரம் வைத்து விரட்டும் விளையாட்டுகளை அடியோடு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் பள்ளிகளில் பெயர் பெற்ற 'ஹிட் தி பட்டன்' போன்றவற்றில் ஒரு நிமிடத்துக்குள் எத்தனை வாய்ப்பாட்டுக் கேள்விகளுக்கு விடை சொல்ல முடிகிறது என்று பார்க்கலாம். வாய்ப்பாடு ஓரளவு ஏறிய பிறகு, அதைக் கூர் தீட்டிக்கொள்ள இது உதவும்; என் மகளுக்குத் தன் பழைய மதிப்பெண்ணைத் தானே முந்துவதில் ஒரு குஷி. ஏறாத பிள்ளையின் கையில் இதைக் கொடுத்தால், ஓடும் கடிகாரத்தைப் பார்த்து அதற்குக் கை நடுங்கும், பிறகு கணக்கு என்றாலே நடுங்கும். இரண்டாம் வகுப்புக்கு இது வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

விளையாட்டின் தரத்தைத் தாண்டி, அது எங்கே குடியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கான கணக்கு விளையாட்டுகளில் பெரும் பகுதி அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் மென்பொருளில் இயங்கியது. 2020 டிசம்பர் 31 அன்று அதற்கான ஆதரவு முடிந்து, 2021 ஜனவரி 12 முதல் அது இயங்குவதே தடுக்கப்பட்டபோது, ஆசிரியர்கள் பலர் தனித்தனியே செய்து வைத்திருந்த நல்ல நல்ல சிறு விளையாட்டுகள் திரும்பி எழுதப்படாமலே போய்விட்டன. பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் வீட்டில் திரையை நம்பியிருந்த நேரமாகப் பார்த்து இது நடந்தது. ரஃபிள் என்ற கட்டற்ற மென்பொருளின் துணையோடு சில மட்டும் மீண்டும் ஓடுகின்றன. அந்த வெற்றிடத்தை நிரப்பியவற்றில் பல, விளம்பரத்தில் பிழைப்பவை. விளையாட்டைத் தொடங்கும் பொத்தானைப் போலவே வேடமிட்டு அருகில் நிற்கும் விளம்பரப் பொத்தானைத் தம்பி மகன் அழுத்தி, எங்கோ ஒரு வண்டிக் காப்பீட்டுப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறான். அதைவிட எரிச்சலூட்டுவது, கணக்கு போடுவதற்கு முன்பே பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளி எல்லாம் கேட்கும் தளங்கள். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. சட்டம் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாமல், பிறந்த தேதி கேட்கும் இடத்திலேயே பக்கத்தை மூடிவிடுவது என் பழக்கம். நல்ல விளையாட்டுக்கு அந்தத் தேதி எதற்கு?

மொழி ஒரு தனிச் சிக்கல். மேலே சொன்னவற்றில் ஃபெட் திட்டத்தின் சில மாதிரிகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன, மற்றவை ஆங்கிலம்தான். தமிழ்வழிப் பிள்ளைக்கு எழுத்துக் கணக்காக வரும் புதிர் ஆங்கிலத்தில் இருந்தால், அது கணக்கில் தடுமாறுகிறதா, மொழியில் தடுமாறுகிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே சொற்கள் குறைந்த விளையாட்டுகளுக்கு நம்மிடையே மதிப்பு அதிகம். கலிஃபோர்னியாவில் உருவான 'எஸ்டி மேத்' இதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. எழுத்துப் படிப்பதில் சிரமப்பட்ட மேத்யூ பீட்டர்சன் என்ற அறிவியலாளரின் முயற்சியில் பிறந்த அதில், ஜிஜி என்ற பென்குயின் திரையைக் கடந்து போக வேண்டும். விடை சரியென்றால் வழி திறக்கும், தவறென்றால் எது பொருந்தவில்லை என்பதைக் காட்சியே காட்டும், பென்குயின் திரும்பிப் போகும். வார்த்தை எதுவும் கிடையாது. பள்ளிகளுக்கு விற்கப்படுவது என்பதால் நம் பிள்ளைகளுக்கு எளிதில் எட்டாது. நம் அரசுப் பள்ளிகளிலோ 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாடல், அட்டை, தரையில் போட்ட கட்டம் என்று எவ்வளவோ செய்கிறார்கள். இணையத்தில் தமிழ் பேசும் ஒரு நல்ல 'காட் இட்' மட்டும் இன்னும் என் கண்ணில் படவில்லை. இரண்டு வாக்கிய விதிக்கு அப்படி ஒன்றைச் செய்ய ஒரு பொறியியல் மாணவருக்கு ஒரு விடுமுறை போதும்.

அதுவரை பெற்றோரே விதியைத் தமிழில் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரையை மூடிவிடவும் செய்யலாம். இணையத்தில் பார்த்துப் பிடித்துப்போய், இன்று எங்கள் வீட்டில் தாளில் மட்டுமே ஆடப்படும் ஒன்றைச் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். காப்ரேகர் 1949இல் கண்டறிந்தது அது. எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாகவும் சிறியதிலிருந்து பெரியதாகவும் எழுதிக் கழிக்க வேண்டும். வந்த விடைக்கும் அதையே செய்ய வேண்டும். 3524 என்றால், 5432இலிருந்து 2345ஐக் கழித்தால் 3087. 8730இலிருந்து 0378 போனால் 8352. 8532இலிருந்து 2358 போனால் 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் 6174க்கு வந்து, அங்கிருந்து நகராது. கடன் வாங்கிக் கழித்தல் பக்கம் பக்கமாகப் போடச் சொன்னால் ஓடும் பிள்ளை, இதற்காகத் தானே பக்கம் பக்கமாகப் போடும்.

ஆனால் என் கேள்விக்கு நான்கு இலக்கம் முழுதாகத் தேறுவதில்லை. நடுவில் கழித்தலில் பிழை விட்டாலும், அந்தப் பிழையான எண்ணிலிருந்து புறப்பட்டு ஆட்டம் 6174க்கே வந்து சேர்ந்துவிடும், தவறு மறைந்துவிடுகிறது. மூன்று இலக்கம் அப்படியல்ல. 532இல் தொடங்கினால் 297, 693, 594, 495 என்று வந்து 495இல் நிற்கும். எல்லா விடையிலும் நடு இலக்கம் 9. இரு ஓரத்து இலக்கங்களைக் கூட்டினாலும் 9. நடுவில் 0 வந்துவிட்டால் கடன் வாங்கியதை மறந்துவிட்டோம் என்று பிள்ளையே அழித்துத் திருத்தும்.

இரண்டு இலக்கத்துக்கு இறங்கினால் நிற்கும் இடமே கிடையாது. 81, 63, 27, 45, 9, மறுபடி 81 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். 9ஐ 09 என்று எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் வருபவை என்று பையனே சொல்லிவிட்டான். அந்த வாய்ப்பாட்டில் இருக்கும் 18, 36, 54, 72 ஆகியவை மட்டும் ஏன் சுற்றுக்குள் வருவதில்லை என்று கேட்டது அவன் அக்கா. முதல் கழித்தலில் அவை வரலாம். 82இல் தொடங்கினால் 54 வரும். ஆனால் அதற்கடுத்து ஒருபோதும் வராது. அப்போது கையில் இருப்பது ஒன்பதின் மடங்கு, அதன் இரண்டு இலக்கங்களைக் கூட்டினால் 9. கூட்டல் ஒற்றை எண் என்றால் வித்தியாசமும் ஒற்றை எண்ணாகத்தான் இருக்க முடியும். அந்த வித்தியாசத்தை ஒன்பதால் பெருக்கினால் வருவதுதான் அடுத்த விடை. ஆகவே 9இன் ஒற்றைப்படை மடங்குகளான 9, 27, 45, 63, 81 மட்டுமே சுற்றில் இடம்பெறும்.